வீட்டு அடுப்பில் ஏறாத ஈரல்

பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால் எங்கள் வயசுக்காரருக்கு இப்போது ஒரே கதைதான். யாருக்குச் சீனி கூடிவிட்டது, யாருக்குப் பிறசர், காலையில் எந்தக் குளிசை, படுக்கும்போது எந்தக் குளிசை. நானும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறவள்தான். போன ஞாயிறு உங்களில் ஒருத்தி என்னைப் பகிடி பண்ணினாள். "நீ என்னடி, எந்த நாளும் முருங்கையிலையைத் தின்னுறாய், ஆட்டுக்குப் பிறந்தனியோ?" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அதே முருங்கையிலையைத்தான் உருவினேன். ஏனென்று உங்கள் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. கனக்கப் படித்தவள் அல்ல நான். வந்தபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அரசாங்கம் கூப்பனுக்கு வெள்ளை அரிசி கொடுத்த காலம். மன்னாரில், ஓலைத்தொடுவாயில் கடலுக்கும் பனங்காணிக்கும் நடுவில் எங்கள் கொட்டில் வீடு. அப்பா, அம்மா, நான், மூன்று பேர். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, அம்மாவின் அக்கா. அப்பாவுக்குச் சொந்த வள்ளம் இல்லை, சம்மாட்டியாரின் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். விடியமுன் போய்ப் பொழுது படும்போது வருவார்.

எங்கள் தாழ்வாரத்தில் ஒரு வரிசை போத்தல் இருந்தது. சுறா ஈரலை வெயிலில் உருக்கி எடுத்த எண்ணெய். வள்ளத்தின் பலகை உளுக்காமல் இருக்க அதைத்தான் பூசுவார்கள். அந்த நாற்றம் அப்பாவின் சாரத்தில், அம்மாவின் தலைமயிரில், என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாவற்றிலும் இருந்தது. இப்போது அந்தப் போத்தல்களும் இல்லை, அந்த வள்ளமும் இல்லை. நாற்றம் மட்டும் எனக்குள் எங்கேயோ இருக்கிறது.

அந்த நாளில் எங்கள் சாப்பாட்டைக் குறைவென்று சொல்ல ஏலாது. காலையில் குரக்கன் புட்டு. மத்தியானம் தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு. உயிலங்குளத்து வயல்காரர் நெல் கொண்டுவந்து எங்கள் கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு போவார்கள். அம்மா உரலில் குற்றி, உமியை மட்டும் புடைத்துத் தள்ளுவா. சூடை மீனை முள்ளோடு புளியில் அவித்தால் முள்ளும் மாவாகக் கரைந்துவிடும். கிணற்றடியில் முருங்கையும் பப்பாவும் நின்றன. மாரிக்கென்று பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டு ஓலைப் பெட்டியில் இருந்தது, கடித்தால் பல்லில் ஒட்டும், செம்மஞ்சள் நிறம். இதெல்லாம் சத்து என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தது, தின்றோம்.

ஒரு வாடைக்காலத்தில் அப்பா போன வள்ளம் திரும்பி வரவில்லை. காற்று கூரையைப் பிய்த்தது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் வெறும் மணலில் முழங்காலில் நின்றா. மறுநாள் மத்தியானம் பாய் கிழிந்த வள்ளத்தோடு அப்பா வந்து சேர்ந்தார். அம்மா அவரைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நேரே குசினிக்குள் போய், மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா.

அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் மீன் ஏறவில்லை. நண்டு இல்லை, இறால் இல்லை, கருவாடு இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பயந்து முற்றத்தில் கருவாடு காயப்போடுகிறதையும் விட்டுவிட்டா. கருவாடு காயாத வீட்டுக்கு நெல்லும் வராமல் போனது. கூப்பன் அரிசிதான் பிறகு.

அப்பா ஒரு நாள் சாப்பிட இருந்துகொண்டு கேட்டார். "இஞ்சேர், மீனை விடுற தபசு காலம் வரமுதலே எங்கடை வீட்டிலை தபசு துவங்கிட்டுதோ?"

"மாதாவுக்கு நேர்த்தி," என்றா அம்மா.

அதோடு அப்பா வாயை மூடிக்கொண்டார். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. நேர்த்தி என்று ஒருத்தர் சொன்னால் மற்றவர் என்ன, ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் நேர்த்தி பலிக்காது என்று பயம். அப்பா கரையில் மற்ற ஆட்களோடு சுட்டும் அவித்தும் தின்றுவிட்டு வருவார். வீட்டில் இருந்தது அம்மாவும் நானும்.

அந்த நேர்த்தி என்னவென்று அம்மா எனக்குச் சொன்னது, நான் கலியாணம் முடித்து முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது. "மனுசனை உயிரோடை தாம்மா, ஆடித் திருநாளுக்கு மடுக் கோயிலுக்கு வந்து முழந்தாள் போடுமட்டும் இந்த வீட்டு அடுப்பிலை கடல்சாமான் ஏறாது" என்று மாதாவிடம் சொன்னாவாம். தவறினால் கொடுத்த உயிரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லியும் வாய் தவறிச் சொல்லிவிட்டாவாம். அந்தக் கடைசி வார்த்தைதான் அம்மாவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

பங்குனி வெயிலோடு ஊரில் சின்னமுத்து என்கிற அம்மை வந்தது. எனக்கும் போட்டது. உடம்பெல்லாம் சிவந்து, கண் திறக்க ஏலாமல், பிறகு வயிற்றாலை போய், நான் ஒரு ஈர்க்குப் போல ஆகிவிட்டேன். பெரியம்மா வந்து பொறுப்பை எடுத்தா. அவ கெட்டவ அல்ல. என் தலைமாட்டில் இருந்து வேப்பிலையால் விசிறினது அவதான். ஆனால் சாப்பாட்டில் அவ வைத்ததுதான் சட்டம்.

"முருங்கையிலை குளிர், வயிறு இன்னும் இளகும். பனாட்டு கிரந்தி, உடம்பெல்லாம் கடிக்கும். பப்பாப்பழம் சூடு. முட்டை கிட்டவும் கொண்டுவராதை. வெள்ளைச் சாப்பாடாக் குடடி. நோய் கண்ட உடம்புக்கு வெள்ளைதான் நல்லது."

வெள்ளை அரிசிக் கஞ்சி. வெள்ளை மாவுப் பாண். சீனித் தேத்தண்ணி. நான் கஞ்சி குடித்த எனாமல் கோப்பையும் வெள்ளைதான், விளிம்பில் நீலக் கோடு போட்டது. நோய் மாறின பிறகும் அந்தச் சாப்பாடு மாறவில்லை. வெள்ளைச் சோறு சாப்பிடுகிற பிள்ளை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்.

அது ஒரு பின்னேரம் தொடங்கினது. கரையில் பெட்டைகளோடு சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். சூரியன் கடலுக்குள் இறங்கினது. மற்றவர்கள் "வாடி போவம்" என்று ஓடினார்கள். நான் நிமிர்ந்தேன். முன்னால் ஒன்றும் இல்லை. சாக்குக்குள் தலையை விட்டது போல. மற்றவர்களுக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது, அவர்கள் ஓடிச் சிரிக்கிற சத்தம் கேட்டது, எனக்கு மட்டும் இருட்டு. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சூடான, மயிர் அடர்ந்த ஒன்றில் முட்டி விழுந்தேன். அது என் முகத்தில் மூச்சு விட்டது. பிறகு கத்தினபோதுதான் கழுதை என்று தெரிந்தது. மன்னாரில் பிறந்தவள் கழுதைக்குப் பயந்தாள் என்று நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு நான் பாவாடையை நனைத்துக்கொண்டு, தடவித் தடவி வீட்டுக்குப் போனேன்.

காலையில் எல்லாம் தெரிந்தது. கடல் நீலம், மணல் வெள்ளை, அம்மாவின் மூக்குத்தி. சரி, போய்விட்டது என்று நினைத்தேன். பொழுது பட்டது, திரும்ப வந்தது.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கோயில் வாசலில் ஒரு கண் தெரியாத மனுசி இருப்பா, கண்ணில் பால் ஊற்றினது போல. ஒருநாள் என் கையைப் பிடித்து, "ஆர் பிள்ளை, மெலிஞ்ச கை?" என்று கேட்டா. அந்தக் கை என் கையை விட்ட பிறகும் விடாதது போலவே இருந்தது. சொன்னால் என்னையும் அவவுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்து இருத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். பொழுது படமுதல் வீட்டுக்கு வந்துவிடுவேன். வேலிக் கதியால், கிணற்றுக் கட்டு, வாசல் கப்பு, எல்லாவற்றையும் தடவிப் பழகினேன். விளக்குக் கொளுத்தினாலும் அந்தச் சுடர் மட்டும் ஒரு மஞ்சள் புள்ளியாய் நிற்கும். அதைச் சுற்றி வீடு இருக்காது. அம்மா பேசாமல் இருந்தால் அம்மாவும் இருக்கமாட்டா. அந்த நேரங்களில் அம்மா அடிக்கடி பேசாமல்தான் இருந்தா. என்னைத் தனிய விட்டுவிட்டு எங்கேயோ போகிறா என்றுதான் நான் நினைத்துக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டி இருப்பேன்.

ஒரு நாள் செபமாலைக்கு முழங்காலில் நிற்கப் போகும்போது மாதா படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைத் தட்டிவிட்டேன். எண்ணெய் சிந்தி, சுடர் அணைந்தது. அம்மா போட்ட சத்தத்தை நான் மறக்கமாட்டேன். அடியும் விழுந்தது. அம்மா ஒருநாளும் அடிக்காதவ.

பெரியம்மா வேலியைத் தாண்டி ஓடி வந்தா. "நான் சொன்னனான்தானே! இது பொழுதுபட்ட நேரத்திலை கடற்கரையிலை நிண்டது. என்னவோ தொட்டிட்டுது. பார், மாதான்ரை விளக்கைத்தான் தட்டுது!" தீர்த்தத்தை என் முகத்தில் எற்றினா. கறுத்த நூல் ஒன்றை இடுப்பில் கட்டினா. எனக்குள் பிசாசு இருக்கிறது என்று நானும் நம்பினேன். படுக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு படுத்தேன், அது கதைத்துவிடும் என்று.

அடுத்த நாள் பொழுது பட, அம்மா என்னை வாசலில் இருத்தினா. அவவின் குரல் வழமையாக இல்லை.

"பிள்ளை, அம்மான்ரை கையிலை என்ன இருக்கு? சொல்லு பாப்பம்."

எனக்குக் கையும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அம்மாவின் கையில் என்ன இருக்கும்? "செபமாலை," என்றேன்.

அம்மா கிட்ட வந்து இருந்தா. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தா. இரண்டு கையும் வெறுங்கை.

விடிய முதல் பஸ்ஸில் மன்னார் ரவுணுக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி ஐயா கண் இமையை விரித்து ரோச் அடித்துப் பார்த்தார். கண்ணின் வெள்ளையில் சவர்க்கார நுரை போல ஒன்று படர்ந்திருக்கிறதாம். அவர் சத்தம் போடுகிற மனுசன்.

"என்ன சாப்பாடு குடுக்கிறியள்?"

"கஞ்சி ஐயா. பாண். தேத்தண்ணி."

"இலை வகை?"

"வயிறு இளகும் எண்டு அக்கா…"

"மீன்?"

அம்மா நிலத்தைப் பார்த்தா.

"எந்த ஊர்?"

"ஓலைத்தொடுவாய், ஐயா."

"கடலுக்கை குடியிருக்கிறியள், பிள்ளைக்கு மீன் இல்லையோ? இது மாலைக்கண். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சின்னமுத்து உடம்பிலை இருந்த சத்தை உறிஞ்சிட்டுது, நீங்கள் திருப்பிக் குடுக்கேல்லை. இப்ப பொழுது பட்டால்தான் தெரியாது. இப்பிடியே விட்டால் கருவிழி கரைஞ்சு போகும். பிறகு பகலும் இல்லை, இரவும் இல்லை." என் இடுப்புக் கறுத்த நூலைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இஞ்சை குடுக்கிற மீனெண்ணெய் முடிஞ்சுது, திரும்ப வர நாள் செல்லும். அதைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். சுறா ஈரலோ திருக்கை ஈரலோ எடுத்து அவிச்சுக் குடுங்கோ. கனக்க வேண்டாம், பாக்களவு காணும். முட்டை மஞ்சள் கரு, முருங்கையிலை, பப்பாப்பழம், பனாட்டு. எல்லாம் உங்கடை வளவிலை நிக்குது. வள்ளத்துக்கு ஈரலெண்ணெய் பூசுறியள் அம்மா, பிள்ளைக்கு ஈரல் குடுக்கேல்லை."

அம்மா மெல்லக் கேட்டா. "ஐயா, மற்றதெல்லாம் இண்டைக்கே குடுக்கிறன். ஈரல் மட்டும்… ஆடித் திருநாள் முடியப் பொறுக்கேலாதோ?"

"கண்ணுக்குத் திருநாள் தெரியுமோ?" என்றார் அவர்.

பஸ்ஸில் வரும்போது அம்மா என் கையை நோகப் பிடித்திருந்தா. இறங்கி நேரே கிணற்றடிக்குப் போய் முருங்கைக் கொப்பை முறித்தா. தேங்காய்ப்பாலும் முட்டைக் கருவும் விட்டு வறை சுண்டினா. பெரியம்மா வாசலில் நின்று நெஞ்சில் அடித்தா.

"எடியே, வயித்தாலை போய்ச் சாகப்போகுதடி!"

"சாகட்டும் அக்கா. கண்ணோடை சாகட்டும்," என்றா அம்மா.

அப்படி ஒரு கதை அம்மாவின் வாயில் வந்ததே இல்லை. பெரியம்மா திரும்பி வேலியைத் தாண்டிப் போனா. பின்னேரம் வேலிக்கு மேலால் இரண்டு முட்டை வந்தது. நீட்டினது பெரியம்மாதான்.

ஆனால் ஈரல்? பூசை வைக்கிற பங்குச் சுவாமி அடுத்த ஞாயிறுதான் எங்கள் கோயிலுக்கு வருவார். நேர்த்தியை மாற்றிவிட அவரால் ஏலும். பிறகு ஒருநாள் அம்மா சொன்னபோது சுவாமி சிரித்துவிட்டு, "மாதாவும் ஒரு பிள்ளையை வளத்தவதானே" என்றாராம். ஆனால் அது பிறகு. அந்தக் கிழமை அம்மாவிடம் அந்த வார்த்தை இல்லை. அப்பா கடலில். நான் வாசலில் தடவிக்கொண்டு.

அம்மா செய்ததைக் கேளுங்கள். வளவுக்கு வெளியே, கடற்கரை மணலில், மூன்று கல் வைத்தா. வீட்டு விறகை எடுக்கவில்லை, கரையில் ஒதுங்கின கட்டைகளைப் பொறுக்கினா. வீட்டுச் சட்டியை எடுக்கவில்லை, வீசிவிட்ட உடைசல் சட்டி ஒன்றைக் கழுவினா. வீட்டு அடுப்பில் ஏறாது என்றுதானே சொன்னா. இது வீட்டு அடுப்பு இல்லை. அப்படி மாதாவோடு நியாயம் பேசிக்கொண்டு, சம்மாட்டியாரின் மீன் வாடியில் கேட்டு வாங்கின சுறா ஈரலை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தா. நெருப்பு ஊதும்போது கண் முழுக்கக் கடலில்தான்.

எனக்கு வாயில் வைத்தபோது தாழ்வாரத்துப் போத்தலின் நாற்றம்தான் முதலில் வந்தது. துப்பப் போனேன். அம்மா என் வாயைப் பொத்தினா. "விழுங்கு பிள்ளை. விழுங்கு. அம்மா கெஞ்சிக் கேக்கிறன்." விழுங்கினேன். அம்மா அதில் ஒரு துளியும் நாக்கில் வைக்கவில்லை. உப்புக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அப்படித்தான். காலையில் பப்பாப்பழம், மத்தியானம் முருங்கையிலை, பின்னேரம் மூன்று கல்லில் வெந்த ஈரல். எனக்கு இருட்டுப் பயம். அம்மாவுக்கு வேறு பயம். பொழுது சரிந்தால் நிற்கவும் மாட்டா, இருக்கவும் மாட்டா. அப்பா வந்து வாசலில் காலைக் கழுவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவவின் மூச்சு எனக்குக் கேட்கும்.

பிறகு ஒரு நாள் காற்று எழும்பினது. தென்மேற்குக் கச்சான் காற்று, மணலை அள்ளிச் சுவரில் எறிந்தது. மற்ற வள்ளங்கள் கரைக்கு வந்துவிட்டன. அப்பா போன வள்ளம் வரவில்லை.

அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடினா. மூன்று கல்லும் நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தன, கால் பட்டது, இன்னும் சூடு. அம்மா அந்தக் கல்லுகளைக் காலால் உதைத்துத் தள்ளினா. பிறகு என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் வழமையான அந்தச் சாக்கு இருட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன், இப்போது வரும், இப்போது மூடும் என்று.

சூரியன் போனது. கடல் சாம்பலானது. பிறகு கறுத்தது. ஆனால் அலை உடைகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். கண்ணை மூடித் திறந்தேன். அது நின்றது. ஈர மணல் மினுங்கினது. தூரத்தில் ஒரு கழுதையின் இரண்டு காது தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது, அசைந்தால் போய்விடும் என்று.

தலையை மெல்ல மெல்லத் தூக்கி அம்மாவைப் பார்த்தேன்.

எத்தனையோ நாளாய்ப் பொழுதுபட்ட பிறகு நான் பார்க்காத முகம். என்னைத் தனிய விட்டுவிட்டு எங்கேயோ போகிறா என்று நான் நினைத்த அந்த நேரமெல்லாம் அம்மா இப்படித்தான் எனக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறா. சத்தம் இல்லாமல், உதடு மட்டும் அசைந்து, கன்னம் முழுக்க நனைந்து.

"அம்மா," என்றேன்.

"என்ன பிள்ளை?" குரலில் அழுகை இல்லை. அவ்வளவு பழக்கம்.

"நீங்கள் அழுறியள்."

அம்மா குனிந்தா. "சத்தம் கேட்டுதோ?"

"இல்லை. தெரியுது."

அம்மா அப்படியே மணலில் இருந்துவிட்டா. என் முகத்தைத் தடவினா, கண்ணைத் தடவினா, திரும்பக் கடலைப் பார்த்தா. சந்தோசப்படவும் அவவால் ஏலவில்லை. மாதா ஒன்றைத் தந்து ஒன்றை எடுத்துவிட்டாவோ என்கிற பார்வை அது. அந்தப் பார்வை எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. என் பிள்ளைகள் கடலுக்குப் போன காலத்தில் விளங்கினது.

வள்ளம் வந்தது. பாய் இறக்கி, தண்டு வலித்துக்கொண்டு, நல்லாய் இருட்டின பிறகு வந்தது. அப்பா இடுப்பளவு தண்ணியில் குதித்து, களைத்துப்போய் ஏறி வந்தார். எங்களைக் கண்டு திகைத்து நின்றார்.

"என்னப்பா, ரெண்டு பேரும் இஞ்சை? இந்தக் காத்துக்கை?"

அம்மா எழும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, உடைசல் சட்டியைக் காலால் மணலுக்குள் தள்ளினா.

"ஒண்டுமில்லை," என்றா. "பிள்ளைக்கு உங்களைத் தெரியுதோ எண்டு பாக்க வந்தனாங்கள்."